"எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று நினைப்பவர்களுக்கு: கடவுளின் கிருபையும் மன்னிப்பும் பற்றி வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வீட்டு ஜெபக் கூட்டங்களில் வேதம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கூட்டத்தில் கை தூக்கிக் கேட்கிற கேள்விகள் வேறு. முடிந்தபிறகு டீ டம்ளரோடு ஓரமாக வந்து கேட்கிற கேள்விகள் வேறு. இரண்டாவது வகையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

நான் செய்தது தெரிந்தால் சர்ச்சுக்குள்ளேயே விடமாட்டார்கள். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு பேசலாம்.

லூக்கா 18-ல் இயேசு ஒரு கதை சொல்கிறார். இரண்டு பேர் ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒருவர் பரிசேயர், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் தசமபாகம், கெட்ட பெயர் கிடையாது. இன்னொருவர் ரோமருக்காக வரி வசூலித்த ஆயக்காரர். சொந்த ஊர்க்காரர்களே காறித் துப்பிய தொழில். அவர் தூரத்தில் நின்று, தலையைக்கூட நிமிர்த்தாமல், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறார். ஜெபம் அவ்வளவுதான். எந்த வாக்குறுதியும் தரவில்லை, "இனி செய்யமாட்டேன்" என்றுகூடச் சொல்லவில்லை. நீதிமானாக்கப்பட்டவனாக வீட்டுக்குத் திரும்பிப் போனது அவர்தான் என்று இயேசு முடிக்கிறார்.

மனிதர்கள் உள்ளே விடுவார்களா என்பது வேறு கேள்வி. சில சபைகள் விடாது. அந்தச் சபையின் முகத்தைப் பார்த்துவிட்டு அதுதான் கடவுளின் முகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் திருந்திவிட்டு, அப்புறம் கடவுளிடம் வருகிறேனே?

இந்தக் கேள்வியை நான் கேட்காத தெரு இல்லை. குடியை விட்டுவிட்டு வருகிறேன், அந்த உறவை முடித்துவிட்டு வருகிறேன், கடனை அடைத்துவிட்டு வருகிறேன். கேட்கும்போது மரியாதையான பேச்சாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் சிஎம்சி மருத்துவமனை இருக்கிறது. விடியற்காலையில் அந்த ஓபி வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து, கையில் ஃபைலும் எக்ஸ்ரே கவருமாக நிற்பார்கள். காய்ச்சல் விட்டதும் டாக்டரைப் பார்க்கலாம் என்று அவர்களில் யாரும் லாட்ஜிலேயே படுத்திருப்பதில்லை. இயேசுவும் இதைத்தான் சொன்னார்: "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை" (மாற்கு 2:17). ஆயக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று குறை சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்து, கடைசியில் பன்றி மேய்க்கிறான். வீட்டுக்குத் திரும்பலாம் என்று முடிவெடுத்ததும் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். அந்தப் பேச்சில் மூன்று பகுதி இருக்கிறது. பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவம் செய்தேன். உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.

இப்போது அவன் வீட்டருகே வந்து பேசுகிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். 21-ஆம் வசனத்தில் முதல் இரண்டு பகுதியைத்தான் சொல்கிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற மூன்றாவது பகுதி வருவதற்குள், அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள், பாதரட்சை போடுங்கள் என்று ஆரம்பித்துவிடுகிறார். பேசி முடிக்க விடவே இல்லை. "நான் பாத்திரன் அல்ல" என்று மகன் சொன்னதை அப்பா மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பேச்சே அவருக்குத் தேவைப்படவில்லை. மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டவர் அவர். அப்போது மகன் குளித்திருக்கவில்லை, மன்னிப்பும் கேட்டிருக்கவில்லை.

வயதான ஆண் தெருவில் ஓடுவது அந்த ஊரில் கௌரவக் குறைச்சல். அந்தக் கௌரவத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஓடினார். திருந்திவிட்டு வருகிறேன் என்று காத்திருப்பவர்கள், இப்படி ஓடி வருகிற ஒருவரைத் தெருமுனையிலேயே நிற்கவைக்கிறார்கள்.

உழைக்காமல் சும்மா வாங்கிக்கொள்வதா? எனக்கு அது சரியாகப் படவில்லை.

உழைத்துச் சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எத்தனை ஜோடி முடிந்ததோ அதற்குத்தான் கணக்கு, குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்குப் பார்த்தே பழகிய கை, இனாமாக வருவதை வாங்கத் தயங்கும்.

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக்காரர் காலையில் சிலரை வேலைக்கு எடுக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னும் சிலரை எடுக்கிறார். கூலி கொடுக்கும்போது எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பணம், அதாவது ஒரு நாள் கூலி. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் சின்ன வயதில் இந்தக் கதை பிடித்ததில்லை. ஆனால் கடைசியில் வந்தவர்கள் ஏன் அதுவரை சும்மா நின்றார்கள் என்று எஜமான் கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." காலையில் கூலியாள் எடுக்கிற இடத்தில் நின்றுவிட்டு, வயதாகிவிட்டது என்றோ ஒல்லியாக இருக்கிறான் என்றோ கழித்துவிடப்பட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்த வார்த்தை புரியும். அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு அரிசி வாங்க ஒரு நாள் கூலி வேண்டும். எஜமான் அதைப் பார்த்தார்.

எபேசியர் 2:8 இதை நேராகவே சொல்லிவிடுகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." நமக்கு இலவசம் என்பதால் அது மலிவானது ஆகிவிடாது. விலையை அவர் கொடுத்துவிட்டார். சிலுவை என்று நாம் சொல்வது அதைத்தான். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" (ரோமர் 5:8) என்கிறார் பவுல். நாம் திருந்தும்வரை அவர் காத்திருக்கவில்லை.

நல்ல காரியங்களுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அவை பெற்றுக்கொண்ட பிறகு வருபவை. டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவமனை, அதாவது இன்றைய சிஎம்சி, ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே என்ற வசனத்தைத் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. ஏற்கெனவே நேசிக்கப்பட்டவர்கள் செய்கிற வேலை அப்படித்தான் இருக்கும். அதில் கட்டணம் கட்டுகிற பதற்றம் இருக்காது.

சின்னப் பாவம் சரி. என்னுடையது ரொம்பப் பெரியது.

தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனைப் போர்முனையில் சாகவிட்டார். சங்கீதம் 51 அவர் பெயரில்தான் இருக்கிறது. பவுல் சபையைத் துன்புறுத்தியவர். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்கள் கழற்றிய வஸ்திரங்கள் அவருடைய காலடியில்தான் கிடந்தன. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பரிகாரம் செய்ய நேரமே இருக்கவில்லை, கை காலை அசைக்கவும் முடியாது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கேட்டது அவன் காதுதான். தொரப்பாடி மத்திய சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க மனு போட்டுக் காத்திருக்கும் தாய்மார்களிடம் நான் சொல்வது இந்தக் கள்ளனைப் பற்றித்தான். தண்டனைக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்குள்ளேயே மன்னிப்பு வந்து சேர முடியும்.

கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்கள் இதைத் தனியாகக் கேட்பார்கள், பெரும்பாலும் என்னிடம் நேரடியாக இல்லை, என் மனைவியிடம். அக்கா, தங்கச்சி, யாராக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு உங்களோடு யார் நின்றார்கள், யார் கட்டாயப்படுத்தினார்கள், யார் கைவிட்டார்கள் என்பதெல்லாம் கடவுளுக்குத் தெரியும். பாரம் முழுவதையும் நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்று ஊர் வைத்த தீர்ப்பை அவர் வைக்கவில்லை. உங்கள் பங்கை அவரிடம் சொல்லுங்கள், அழ வேண்டியிருந்தால் அழுங்கள். மன்னிப்பு உங்களுக்கும் முழுசாகத்தான் கிடைக்கும், பாதியாக அல்ல.

நான் பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் செய்தது இன்னும் தூக்கத்தில் வருகிறது.

நம் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் இருக்கும் ஊர்கள் உண்டு, அதனால் இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. போர்ச்சேவகர்கள் யோவான்ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாய்க் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்றிருங்கள் என்றார் (லூக்கா 3:14). போங்கடா என்று துரத்திவிடவில்லை. யூதரல்லாத புறஜாதியாரில் பரிசுத்த ஆவி முதலில் இறங்கியது நூற்றுக்கதிபதி கொர்நேலியு வீட்டில். அவரும் சீருடைக்காரர்தான். கனவுகள் தொல்லைப்படுத்தினால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

மன்னிக்கவே படாத பாவம் ஒன்று இருக்கிறதாமே? நான் அதைச் செய்துவிட்டேனோ?

ஆவியானவருக்கு விரோதமான தூஷணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மாற்கு 3-ல் சூழ்நிலையைப் பாருங்கள். இயேசு நோயாளிகளைக் குணமாக்குவதைக் கண்ணால் பார்த்த வேதபாரகர், இது பிசாசின் வேலை என்று அறிவித்தார்கள். நல்லதை நல்லது என்று தெரிந்துகொண்டே கெட்டது என்று சாதிக்கிற பிடிவாதம் அது. அந்த நிலையில் இருப்பவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நான் அதைச் செய்துவிட்டேனோ என்று பயந்து அழமாட்டார். நீங்கள் பயப்படுவதே நீங்கள் அதைச் செய்யவில்லை என்பதற்குப் போதுமான அடையாளம்.

எங்கள் குடும்பத்தில் தலைமுறைச் சாபம் இருப்பதாக ஒரு பாஸ்டர் சொன்னார். அதை உடைக்கக் காணிக்கை கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.

குழந்தை இல்லை, இளம் வயதில் கணவர் இறந்தார், வியாபாரம் நொடித்தது, இப்படி ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் வீட்டுக்குள் வந்து, இதற்கெல்லாம் உங்கள் தாத்தா செய்த பாவம்தான் காரணம் என்று சொல்லிப் பணம் கேட்பது கொடுமை. இதை நான் நயமாகச் சொல்ல விரும்பவில்லை. "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் பாவம் செய்தானா, இவன் பெற்றவர்கள் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றார் இயேசு (யோவான் 9:3). சாபம் என்று ஒன்று இருந்தாலும், "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13-ல் எழுதியிருக்கிறது. அவர் கட்டிமுடித்த தொகைக்கு இன்னொருவர் மறுபடி ரசீது போட முடியாது.

பிறந்ததிலிருந்தே "உனக்குத் தகுதி இல்லை" என்று கேட்டு வளர்ந்தவன் நான். கடவுள் முன்னாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதைக் கேட்டவர் தன் ஊரில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்தவர். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பெரிய அநியாயமாகிவிடும். நாம் செய்த தவறினால் வரும் குற்ற உணர்வு ஒன்று. மற்றவர்கள் நம்மேல் பூசிய அவமானம் இன்னொன்று. முதலாவதற்கு மன்னிப்பு வேண்டும். இரண்டாவதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. சேரியில் பிறந்தது பாவம் அல்ல. சேரி என்று ஒதுக்கியது பாவம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் ஒதுக்கியவர்கள், அதில் சர்ச்சுக்குள் சாதி பார்த்தவர்களும் அடக்கம்.

1850-களில் ஆற்காடு மிஷன் இங்கே வேலை தொடங்கியதிலிருந்து, வட ஆற்காட்டுச் சபைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் தெருக்களில்தான் வளர்ந்தன. நம்மைக் கோயிலுக்குள் விடாத காலத்தில், நம் தெருவுக்கே தேடி வந்த கடவுள் என்றுதான் பாட்டிமார்கள் விசுவாசித்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் மறுபடி தங்களைத் தகுதியற்றவர்கள் என்று நினைத்துத் தலைகுனிவது எனக்குத் தாங்கவில்லை.

மாற்கு 1:40-ல் ஒரு குஷ்டரோகி முழங்காற்படியிட்டு, "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறான். கடவுளின் வல்லமையில் அவனுக்குச் சந்தேகம் இல்லை, விருப்பத்தில்தான் சந்தேகம். நம்மில் நிறையப் பேர் அதே இடத்தில்தான் நிற்கிறோம். அடுத்த வசனத்தில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். இயேசு மனதுருகினார், கையை நீட்டினார், தொட்டார்; அதற்குப் பிறகுதான் "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்றார். சுத்தமான பிறகு தொடவில்லை.

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை நேராக்கும் அறுவை சிகிச்சையை இந்த வட்டாரத்தில்தான் உருவாக்கினார். சொந்த வீட்டார் தட்டைத் தள்ளிவைத்த கைகளை, மருத்துவர்கள் தங்கள் கையில் வைத்து விரல் விரலாக ஆராய்ந்தார்கள். தொழுநோய் பாவமும் இல்லை, சாபமும் இல்லை, மாத்திரையில் குணமாகும் தொற்று. ஆனாலும் அதன் அவமானம் மட்டும் மருந்துக்குப் போகாமல் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அவமானத்தைப் போக்க ஒரு மனிதர் வந்து தொட வேண்டியிருந்தது.

நான் ஏஜென்டாக இருந்து ஆள் சேர்த்த நிதி நிறுவனம் மூழ்கிவிட்டது. சபையில் பாதிப் பேர் பணம் போட்டது என்னை நம்பித்தான். இப்போது சர்ச் பக்கமே போவதில்லை.

அதிக வட்டி என்ற பேச்சில் ஏமாந்தவர்கள் நம் பகுதியில் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்களைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள். உங்கள் சொந்தப் பணமும் போயிருக்கும்.

கடவுளின் மன்னிப்புக்கு நீங்கள் பணத்தைத் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லிப் பணம் போனவர்களின் வாயை அடைக்கவும் கூடாது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய ஆயக்காரர் தலைவன் சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). மரத்திலிருந்து இறங்கும்போது அவன் எதையும் திருப்பித் தந்திருக்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

நாலு மடங்கு உங்களால் முடியாது, தெரியும். முடிந்ததைச் செய்யுங்கள். உங்களுக்கு வந்த கமிஷன் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ, மிகவும் இல்லாதவர்களிடமிருந்து தொடங்கித் திருப்பிக் கொடுங்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்ட அந்த விதவை அம்மாவிடம் முதலில் போங்கள். காவல்துறை விசாரணையில் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், புகார் கொடுக்கிறவர்களுக்கு ரசீதுகளைத் தேடிக் கொடுத்து உதவுங்கள். திட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். "நானும் ஏமாந்துதான் போனேன்" என்று முதல் வாக்கியத்திலேயே ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், அவர்கள் பேசி முடித்த பிறகு சொல்லலாம். போதகரிடமும் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் மனசு விடவே மாட்டேன் என்கிறது.

மன்னிப்பு கிடைத்ததா என்பதை நம் மனசைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). மனசு கொடுக்கிற தீர்ப்புக்கு மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் தவறினார்கள். இருவருக்கும் துக்கம் வந்தது. யூதாஸ் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோனான்? பிரதான ஆசாரியர்களிடம். பாவம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னான். அவர்கள், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். இரக்கமே இல்லாதவர்களிடம் அறிக்கை செய்துவிட்டு, அதுதான் கடைசிப் பதில் என்று நம்பித் தனியாகப் போனான். பேதுருவோ மனங்கசந்து அழுதாலும் மற்றச் சீஷர்களோடு இருந்துவிட்டான். யோவான் 21-ல் இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு, வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். மூன்று தடவை மறுதலித்தவனிடம் மூன்று தடவை "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, மூன்று தடவையும் ஆடுகளை ஒப்படைக்கிறார். பழைய கதையைக் கிளறி, ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு கேள்விகூட இல்லை.

ஆகவே தனியாக இருக்காதீர்கள். உங்கள் துக்கத்தை இரக்கமுள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் இருந்தே பிரயோஜனமில்லை என்று வாரக்கணக்கில் தோன்றினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 14416 என்ற அரசு இலவச எண்ணுக்கு உடனே பேசுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

விட்டேன் என்று சத்தியம் செய்து மறுபடி டாஸ்மாக் வாசலில் நிற்கிறேன். எத்தனை தடவைதான் மன்னிப்பார்?

சகோதரனை ஏழுதரமா மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபதுதரம் என்றார் இயேசு. நம்மிடம் அதைக் கேட்கிறவர் தான் அதைவிடக் குறைவாக மன்னிக்கமாட்டார்.

அப்படியென்றால் குடித்துக்கொண்டே இருக்கலாமா? ரோமர் 6-ல் பவுலுக்கும் இதே கேள்வி வந்தது, "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். தம்பி, சத்தியம் செய்வதை நிறுத்துங்கள். சத்தியம் உடைகிற ஒவ்வொரு தடவையும் அவமானம் கூடுகிறது, அவமானம் கூடினால் மறுபடி குடி. குடிநோய்க்கு டாக்டரைப் பாருங்கள், வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்தும் உண்டு. சம்பளத்தை மனைவி கையில் கொடுங்கள். விழுந்த அன்றைக்கே ஜெபம் செய்யுங்கள், வாயில் நாற்றம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

திருவிருந்து எடுக்க பயமாக இருக்கிறது. தகுதியில்லாமல் எடுத்தால் ஆக்கினை என்று எழுதியிருக்கிறதே.

1 கொரிந்தியர் 11. அந்தச் சபையில் நடந்தது இதுதான்: வசதியுள்ளவர்கள் முதலில் வந்து சாப்பிட்டுக் குடித்து வெறித்துவிட்டார்கள், வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுலின் கோபம் அந்த நடத்தையின் மேல். நொறுங்கிப்போன மனசோடு வருகிறவர்மேல் இல்லை. 28-ஆம் வசனமும், தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் சொல்கிறது. சோதித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. இயேசு கொடுத்த முதல் திருவிருந்தில் உட்கார்ந்த சீஷர்களைப் பாருங்கள்: சில மணி நேரத்தில் மறுதலிக்கப்போகிறவன், ஓடிப்போகப்போகிறவர்கள். தெரிந்தேதான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்.

ஒருவரோடு சண்டை என்றால் முதலில் ஒப்புரவாக முயற்சி செய்யுங்கள். கத்தோலிக்கராக இருந்து, கனமான பாவம் உறுத்தினால், நற்கருணைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வது அவர்கள் திருச்சபையின் ஒழுங்கு, அதன்படி செய்யுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் எடுக்கலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். எடுக்கலாம். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் அவளை "மகளே" என்று கூப்பிட்டார்.

பாவத்தை யாரிடம் சொல்ல வேண்டும்? மைக்கில் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

கடவுளிடம் சொன்னாலே போதும் என்பது 1 யோவான் 1:9. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, அங்கே கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்ல முடியாது. சிஎஸ்ஐ, லுத்தரன் ஆராதனைகளில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், ஆயர் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்கிறார். அந்த வார்த்தையை அவசரமாகக் கடந்துபோகாமல் உங்களுக்கே என்று கேளுங்கள். மைக் வேண்டாம். உங்கள் பாவத்தில் இன்னொருவர் பெயரும் இருக்கும், அது ஊர் வாயில் விழும்.

என்னை அடித்த கணவரை மன்னித்தால்தான் கடவுள் என்னை மன்னிப்பாரா?

மன்னிப்பது வேறு, அடி வாங்கத் திரும்பிப் போவது வேறு. பழிவாங்கும் எண்ணத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பதுதான் மன்னிப்பு, அதற்கு வருஷங்கள் ஆகலாம். அம்மா வீட்டில் இருந்துகொண்டே, போலீஸில் புகார் கொடுத்துவிட்டே மன்னிக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மூப்பரின் ஆலோசனையை நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

நான் இந்துக் குடும்பம். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஜெபம் செய்யலாமா?

தாராளமாக. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற வசனத்தில் வேறு நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? சர்ச்சுக்குள் நுழையக் கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கு இரவு லூக்கா 15-ஐயும் சங்கீதம் 51-ஐயும் மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு, படியுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் ஆயக்காரனின் ஜெபம் போதும், ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கூச்சமாக இருந்தால் வாரநாளில் போங்கள். சிஎம்சி வளாகத்துக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. நோயாளியின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்கள், தமிழே தெரியாதவர்கள் என்று யார் யாரோ அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உங்களை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உங்கள் ஊர்ச் சபைக்குப் போவதானால், ஆராதனை தொடங்கிய பிறகு போய்க் கடைசி பெஞ்சில் உட்காரலாம், முடிவதற்கு முன் எழுந்தும் வரலாம். இரண்டு மூன்று வாரம் அப்படிப் போய்விட்டு, பிரசங்கத்தில் இரக்கம் தெரிகிற ஒரு போதகரிடமோ, அதிகம் பேசாத ஒரு வயதான அம்மாவிடமோ, "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் கேளுங்கள். ஏன் எதற்கு என்று அவர்கள் துருவினால், அடுத்த வாரம் வேறு ஒருவரிடம் கேளுங்கள்.